இரண்டாம் இடத்துப் பிரபு

யாரும் கைவைக்காத ஒரு பழைய பட்டியலில் ஒரே ஒரு பெயரை ஒரு படி மேலே ஏற்ற எவ்வளவு காலம் ஆகும்? ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்த பரோன் ஃபிலிப் த ரோத்ஷீல்டுக்கே அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

பட்டியல் பிறந்தது 1855-ல். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பாரிஸில் உலகக் கண்காட்சி. அங்கே வைக்கப்படும் போர்தோ ஒயின்களில் எது உசத்தி என்று சொல்லியாக வேண்டும். அந்த வேலை போர்தோ தரகர்களிடம் வந்தது. அவர்கள் கோப்பையை விடக் கணக்குப் புத்தகத்தையே நம்பினார்கள். நெடுங்காலமாக எந்த ஒயின் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வரிசைகளாகப் பிரித்தார்கள். முதல் வரிசையில் நான்கே பெயர்கள்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். பொயாக் ஊரைச் சேர்ந்த மூட்டோன் இரண்டாம் வரிசைக்குப் போனது. நத்தானியேல் த ரோத்ஷீல்ட் அதை வாங்கி அப்போது இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கண்காட்சி முடிந்தது. பட்டியல் நிலைத்துவிட்டது. தோட்டங்கள் கைமாறின, சில சீரழிந்தன, சில தேறின. வரிசை மட்டும் பிறப்பால் வந்த பட்டம் போல ஒட்டிக்கொண்டது.

நத்தானியேலின் கொள்ளுப்பேரன் ஃபிலிப் 1922-ல் பொறுப்பேற்றபோது வயது 20. அந்நாளில் ஒயின் பீப்பாயோடு வியாபாரிகளிடம் போகும். பாட்டிலில் அடைப்பது அவர்கள் வேலை. வழியில் அதில் என்ன கலந்தாலும் பெயர் கெடுவது தோட்டத்துக்குத்தான். ஃபிலிப் 1924-ம் ஆண்டு ஒயின் முழுவதையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார்.

பிறகு போர் வந்தது. யூதரான ஃபிலிப்பின் தோட்டம் பறிபோனது. அவர் பிரான்ஸிலிருந்து தப்பி த கோலின் படையில் சேர்ந்தார். பிரிந்து வாழ்ந்த மனைவி எலிசபெத் 1945-ல் ராவன்ஸ்ப்ரூக் நாஜி முகாமில் இறந்தார். அந்த ஆண்டு ஒயினின் லேபிளில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்து இடம்பெற்றது. அதிலிருந்து ஏறக்குறைய எல்லா ஆண்டும் லேபிளில் ஒரு புதிய ஓவியம். மீரோ, ஷகால் போன்றவர்கள் வரைந்தார்கள். சம்பளம் ஒயின் பாட்டில்கள். 2009-ம் ஆண்டு லேபிளுக்கு வரைந்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்.

மனுக்கள், பேச்சுவார்த்தைகள், எதிர்ப்புகள் எல்லாம் தாண்டி, 1973-ல் விவசாய அமைச்சராக இருந்த ஷாக் சிராக் கையெழுத்திட்டார். மூட்டோன் முதல் வரிசைக்கு உயர்ந்தது. 118 ஆண்டு அவமானம் தீர்ந்தது. ‘முதலாவதாக முடியாது, இரண்டாவதாக மனமில்லை’ என்ற தோட்டத்தின் பழைய வாசகத்தை, ‘முதலாவது நானே, இரண்டாவதாக இருந்தேன், மூட்டோன் மாறாது’ என்று ஃபிலிப் திருத்தினார். அந்த ஆண்டு லேபிளை அலங்கரித்தது பிக்காசோவின் ஓவியம்.

மகிழ்ச்சி மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1976 மே மாதம் பாரிஸில் ஒரு போட்டி. லேபிளை மறைத்து ஊற்றிய ஒயின்களைப் பிரெஞ்சு நிபுணர்கள் ருசித்து மதிப்பெண் போட்டார்கள். சிவப்பு ஒயினில் முதலிடம், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்புக்கு. மூட்டோன் 1970-க்கு மறுபடியும் இரண்டாம் இடம்! மூன்றாவதாக வந்த மோன்றோஸ், பட்டியலில் இரண்டாம் வரிசைக்காரர். முதல் வரிசையின் ஓ-ப்ரியோன் அதற்கும் கீழே நான்காவது.

ஃபிலிப் வியாபாரி, உலகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று புரிந்துகொண்டார். கலிஃபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியுடன் கூட்டுச் சேர்ந்தார். அவர்களுடைய ‘ஓபஸ் ஒன்’ சிவப்பு ஒயினின் முதல் அறுவடை 1979. அந்த ஒயினுக்கு 1855 பட்டியலில் இடமே கிடையாது. நல்ல விலைக்கு விற்க அது தடையாக இருக்கவில்லை.