இருபது கணனிகளும் ஓர் அணியும்: பழைய மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்



பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டாரில் இருக்கும் சகோதரர்கள் சிலர், பாவித்த கணனிகள் இருபதை எமது பாடசாலைக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். கூடவே ஒரு கோரிக்கையும் வந்திருக்கிறது. அந்தக் கணனிகளை இரவு பகலாக ஓடவிட்டு, விண்வெளி ஆராய்ச்சிக்குக் கணக்குச் செய்து கொடுக்கும் அணி ஒன்றைப் பாடசாலையின் பெயரில் நடத்த வேண்டுமாம். "உலகப் பட்டியலில் எங்கட ஊர்ப் பெயர் வரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு விழுந்த இதயங்களை எண்ணி மாளாது.

அப்படியோர் சின்ன அணியைப் பத்து வருடத்துக்கு மேல் நடத்தியவர்கள் என்பதால் எங்களிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். கணனிகள் வரட்டும், அணியும் இருக்கட்டும், ஆனால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

முதலில், நாங்கள் செய்தது என்ன? செட்டி அட் ஹோம். பெயரைக் கேட்டதும் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை ஞாபகம் வருவது இயல்பு. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் கேட்டார்கள். இது வேறு. பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிரினம் ஏதும் வானொலி அலை அனுப்புகிறதா என்று தேடும் வேலை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று இதை ஆரம்பித்தது. புவர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடத்தில் 305 மீற்றர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி இருந்தது. மலைகளுக்கு நடுவில் இயற்கையாக இருந்த ஒரு பள்ளத்தில் கட்டிய இராட்சதப் பாத்திரம். அதில் விழும் அலைகளில் 1420 மெகாஹேர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒரு சின்னப் பகுதியை மட்டும் பதிவு செய்தார்கள். ஏன் அந்த எண்? ஐதரசன் அணு இயற்கையாக வெளிவிடும் அலை அது. பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள மூலகம் ஐதரசன். வேறெங்கோ வானியல் படித்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அந்த எண் தெரிந்திருக்கும் என்பது கணக்கு.

தொலைநோக்கியை இவர்கள் தம் விருப்பப்படி திருப்பவில்லை. அதற்குப் பணமும் இல்லை, நேர ஒதுக்கீடும் இல்லை. மற்ற விஞ்ஞானிகள் தங்கள் வேலைக்காக எங்கே பார்க்கிறார்களோ, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இவர்களும் பதிவு செய்துகொண்டார்கள். ஆரம்ப வருடங்களில் அரெசிபோவிலிருந்து வேகமான இணைய இணைப்பு இல்லாததால், பதிவுகளை 35 ஜிகாபைட் நாடாக்களில் ஏற்றித் தபாலில்தான் பெர்க்லிக்கு அனுப்பினார்கள். வேற்றுக்கிரகத்தைத் தேடும் ஆராய்ச்சி தபாற்காரரை நம்பி நடந்தது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

பெர்க்லியில் அந்தப் பதிவை நறுக்கினார்கள். ஒரு துண்டு என்பது 107 செக்கன் பதிவு, அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு மெகாபைட். கல்யாண வீட்டில் ஒரு மூட்டை வெங்காயத்தை அக்கம்பக்கத்துத் தாத்தாமார் ஆளுக்கொரு சுளகில் எடுத்து உரிப்பார்களே, அதே முறை. ஒருவர் உரிக்கும் வெங்காயத்துக்கும் மற்றவர் உரிக்கும் வெங்காயத்துக்கும் சம்பந்தமில்லை. யார் முதலில் முடித்தாலும் சோறு வேகும். அப்படிப் பிரிக்க முடிகிற கணக்குகளுக்குத்தான் இந்த முறை சரிவரும்.

துண்டு சின்னது, வேலை பெரியது. அம்புலன்ஸ் எங்களைக் கடந்து போகும்போது சைரனின் சுருதி மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். பூமி சுழல்கிறது, அனுப்புபவருடைய கிரகமும் சுழலும். ஆகவே வரும் அலையின் அதிர்வெண் மெல்ல மெல்லச் சறுக்கும். எவ்வளவு சறுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான சறுக்கல் வேகங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வீட்டுக் கணனியொன்று ஒரு துண்டை முடிக்கப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். இப்படி உலகெங்கும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கணனிகளைக் கொடுத்தார்கள்.

எங்கள் அணியில் அதிகமாக இருந்த காலத்தில் பதினொரு பேர். ஆசிரியர்கள் நாலு பேர், மீதிப் பேர் எங்களிடம் படித்த பிள்ளைகள். அணி என்றால் ஜேர்சி போட்டு மைதானத்தில் இறங்குவதில்லை. ஒரு பெயரின் கீழ் பதிவு செய்தால், ஒவ்வொருவரின் கணனியும் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் புள்ளிகள் அந்தப் பெயரில் சேரும், அவ்வளவுதான். நடத்துபவரின் வேலை வேறு விதம். மூன்று கிழமையாகப் புள்ளி வராத பிள்ளைக்கு அழைப்பு எடுத்து "மகன், கணனிக்கு என்ன?" என்று கேட்பது. மின்விசிறியில் அடைந்த தூசியைத் தட்டச் சொல்லிக் கொடுப்பது. பரீட்சை நெருங்கினால் "இப்ப நிப்பாட்டு, பிறகு பார்ப்போம்" என்று சொல்வது. பெருநாளுக்குப் பெருநாள் ஒரு சந்திப்பு. பதினொரு பேருக்கு அது போதும்.

அந்தப் பட்டியல் விவகாரத்துக்கு வருவோம். இதில் செட்டி ஜேர்மனி, செட்டி யூஎஸ்ஏ போன்ற அணிகள் இருந்தன. அவர்களுக்குப் பின்னால் எத்தனையோ ஆயிரம் கணனிகள். எமது அணியின் பெயரைத் தேட, பெருவிரல் வலிக்கும் வரை கீழே உருட்ட வேண்டும். இருபது பழைய கணனி வந்தாலும் அதே கதைதான். இன்றைக்கு நல்ல கிராபிக்ஸ் அட்டை போட்ட ஒரே ஒரு கணனி, அந்த இருபதும் சேர்ந்து செய்வதைவிட அதிகம் செய்துவிடும்.

புள்ளி ஆசை என்ன செய்யும் என்பதற்கும் இந்தத் திட்டமே சாட்சி. ஆரம்பக் காலத்தில், பட்டியலில் ஏறுவதற்காகப் பொய்யான விடைகளை அனுப்பியவர்கள் இருந்தார்கள். பரிசு இல்லை, பணம் இல்லை, ஒரு பெயர்ப்பலகைக்காக! அதனால்தான் ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட கணனிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் புள்ளி கொடுக்கும் முறை வந்தது. அதாவது சிலருடைய பொய்யைப் பிடிக்க எல்லாருடைய மின்சாரமும் இரட்டிப்பாகச் செலவாக வேண்டியிருந்தது. பழுதான கணனியின் பிழைகளைப் பிடிக்கவும் அந்த முறை உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மின்சாரம் என்றதும் எங்களில் பலருக்கு 2022 ஞாபகம் வரும். 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. ஒரு பழைய மேசைக் கணனி முழு மூச்சில் ஓடினால் 100 வாற் என்று குறைத்தே வைப்போம். நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 72 அலகு. இருபது கணனிக்கு 1,440 அலகு. எங்கள் பாடசாலையின் இப்போதைய மின்கட்டணத்தையே அதிபர் எப்படிச் சமாளிக்கிறார் என்பது அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கணனி அறையின் சூட்டுக்கு மேலதிகமாக விசிறியும் ஓட வேண்டும். அந்தக் காசு பெற்றோரிடமிருந்துதான் வரப்போகிறது. மீன் விற்றும் தையல் தைத்தும் தரும் காசு. அவர்களிடம் கேட்காமல் அதை வானத்துக்குச் செலவழிக்க எங்களுக்கு என்ன உரிமை? பாடசாலைச் சொத்து அமானிதம். இதற்கு மேல் அதை விளக்கத் தேவையில்லை.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பாடசாலை மாவட்டத்தின் கணனிப் பொறுப்பாளர், ஆயிரக்கணக்கான பாடசாலைக் கணனிகளில் இதே செட்டி மென்பொருளை ஓடவிட்டார். 2009 இல் விடயம் வெளியே வந்து பதவி விலக வேண்டியதாயிற்று. பத்து இலட்சம் டொலருக்கு மேல் நட்டம் என்றது நிர்வாகம். அந்தத் தொகை மிகையானது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் வாதாடப் போவதில்லை. நல்ல காரியம் என்ற நினைப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றவில்லை.

"சரி சேர், இவ்வளவு காலம் ஓடவிட்டு என்ன கண்டுபிடித்தீங்க?" கடைத்தெருவில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதுவும் பாதிச் சிரிப்போடு. நேரான பதில்: வேற்றுக்கிரகவாசி யாரும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே வருடம் டிசம்பர் முதலாம் திகதி அரெசிபோவின் மேடை அறுந்து பாத்திரத்தின் மேலேயே விழுந்து எல்லாம் முடிந்தது. அதுவரை கணனிகள் குறித்துக் கொடுத்த சந்தேகச் சமிக்ஞைகள் ஏறக்குறைய 1,200 கோடி. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எங்கள் பூமியின் இரைச்சலும் தற்செயலும். ராடர், செய்மதி, தொலைக்காட்சி என்று எல்லாம் அதில் கிடக்கும். அதை வடித்து வடித்துப் பத்து இலட்சம் அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் ஒரு நூறை எடுத்து, சீனாவின் ஃபாஸ்ட் என்ற 500 மீற்றர் தொலைநோக்கியால் மறுபடி பார்க்கும் வேலையில் இறங்கினார்கள்.

வடிகட்டும் அந்த வேலைதான் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி. ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே போலிச் சமிக்ஞைகளைத் தரவுக்குள் செருகி, தங்கள் வடிகட்டி அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொள்வது. 2004 இல் ஒரு சமிக்ஞை பற்றி உலகப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதியபோது, முதலில் தண்ணீர் ஊற்றியவர்கள் பெர்க்லி விஞ்ஞானிகளே. மூன்று தடவை, மொத்தம் ஒரு நிமிடமளவு பார்த்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இன்னொரு கதை. வருடக்கணக்காகக் குழப்பிய ஒருவகை விசித்திர அலை, அங்கே உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை நேரத்தோடு திறந்ததால் வந்தது என்று 2015 இல் கண்டுபிடித்தார்கள். வட்ஸ்அப்பில் வருகிற எதையும் "கட்டாயம் பகிரவும்" என்று தள்ளிவிடும் எங்கள் ஊருக்கு இந்தக் கதைகள் தேவை. அணி நடத்தியதில் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் இதுதான். எங்கள் அணியில் இருந்த ஒரு பெண்பிள்ளை, உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவள், செய்தியொன்றைக் கேட்டால் இன்றும் முதலில் கேட்பது: "இதை வேற யாரும் பார்த்தாங்களா சேர்?"

ஆகவே அணியைக் கைவிடச் சொல்லவில்லை. செட்டி நின்றாலும், அதிலிருந்து பிறந்த பொயிங்க் என்ற மென்பொருள் வழியாக வேறு திட்டங்கள் நடக்கின்றன. ஐன்ஸ்டீன் அட் ஹோம் அதிலொன்று. 2010 இல் அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் இருந்த சாதாரண வீட்டுக் கணனிகள் அதில் ஒரு புதிய துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தன. அந்தத் தரவும் அரெசிபோவிலிருந்து வந்ததே. கைத்தொலைபேசியிலும் பொயிங்க் ஓடும். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி வைக்கலாம். மடிகணனியில் மட்டும் கவனம், சூடு தாங்காது.

எங்கள் யோசனை இது. இருபது கணனிகளும் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் போகட்டும். சாதாரண தரப் பிள்ளைகள் இப்போது மூன்று பேர் ஒரு விசைப்பலகையைப் பகிர்கிறார்கள், மூன்றாவது பிள்ளை பார்த்துக்கொண்டே பாடத்தை முடிக்கிறது. அணி வேண்டுமென்பவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் மின்பட்டியலில், வீட்டாரிடம் கேட்டுவிட்டு ஓடவிடட்டும். கட்டாரில் இருக்கும் சகோதரர்களும் அங்கிருந்தே சேரலாம். மனம் நோகவேண்டாம், உங்கள் அன்பளிப்பைக் குறைத்துப் பேசவில்லை. அணிக்கு ஊரின் பெயரை வையுங்கள். பாடசாலையின் பெயர்தான் வேண்டுமென்றால் அதிபரின் எழுத்துமூல அனுமதி எடுங்கள். விஞ்ஞானக் கழகத்தில் மாதம் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு விளக்க நாங்கள் வருகிறோம். ஒரு கணனி, ஒரு துண்டு, ஒரு கரும்பலகை இருந்தால் போதும்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எங்களோடு உடன்படாதவர்களும் தாராளமாக எழுதலாம். எழுதும்போது அந்த 1,440 அலகுக்கு யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.