மழை நின்றுவிட்டதா?

ஐப்பசி பிறந்ததும் திண்டுக்கல்லில் ஒரு கேள்வி கிளம்பும். பஸ் நிலையத்தில் கேட்கலாம், பூ மார்க்கெட்டில் கேட்கலாம், பிரியாணிக் கடை வாசலிலும் கேட்கலாம். "கொடைக்கானலில் மழை நின்றுவிட்டதா?" தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு இரண்டு நாள் மலைக்குப் போய்வர உத்தேசம், அதற்கு மழை இடைஞ்சல். கேட்கிறவர்கள் நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கேட்பது யார் என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய ஊர் இது. ஊர் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அதற்கு நீர் தருவது பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவு. குடகனாறு, மருதாநதி, மஞ்சளாறு, வரதமாநதி எல்லாம் அந்த மலைத்தொடரில் பிறந்து இறங்குகிறவைதாம். ஐப்பசி கார்த்திகையில் அங்கே பெய்யாவிட்டால் சித்திரையில் இங்கே காலிக் குடம்தான் உருளும். ஆக, நம்மவர் விருப்பம் இதுதான்: மலையில் மழை நிற்க வேண்டும், குழாயில் தண்ணீர் நிற்கக் கூடாது!

'சீசன்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? 1845-ல் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலையேறி, கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சித்திரை, வைகாசி அவர்களுக்குத் தப்பியோடும் காலம். அதில் தப்பில்லை, உயிர்மேல் யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் அவர்கள் தப்பியோடிய காலத்தை நாம் மலையின் காலமாக்கிக் கொண்டோம். மலை தன் ஓடைகள் நிரம்பிப் பொலியும் காலத்துக்கு 'ஆஃப் சீசன்' என்று பெயரும் சூட்டிவிட்டோம். எல்லாரும் படகு விடும் அந்த ஏரியே 1863-ல், மதுரையில் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரையின் முயற்சியால் ஓடைநீரைத் தடுத்துத் தேக்கியதுதான். மழையைத் திட்டிக்கொண்டே மழைத்தண்ணீரில் படகு விடுகிறோம்.

இதன் பலன் என்ன? ஓடைகள் மெலிந்து கிடக்கும் மே மாதத்தில் அத்தனை பேரும் ஒரே மூச்சாக மேலே ஏறுகிறார்கள். வத்தலக்குண்டுக்கு மேலே மலைப்பாதையில் வண்டிகள் எறும்புச் சாரியாய் நிற்கின்றன. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் மலையேற 'இ-பாஸ்' வேண்டும் என்று உத்தரவாயிற்று. 2025 கோடைக்கு, வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. நம் ஆசைக்கு நாமே அளவு வைக்கத் தவறினால் நீதிபதிதான் வைக்க வேண்டும்.

"மழையில் போய் மண்சரிவில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல் இந்த மலையையும் விடவில்லை. மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது, மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் யாரும் போகக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கும்போது, "எத்தனை மழை பார்த்திருக்கிறேன்!" என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் வீரரல்ல, தன் பிள்ளைகளின் உயிரைப் பந்தயம் வைக்கிற சூதாடி.

ஆனால் விபத்துக்குப் பாதி காரணம் அவசரம். சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கியாக வேண்டும் என்று திட்டம் போட்டவன், பாதையில் வெள்ளம் புரண்டாலும் இறங்கத்தான் பார்ப்பான். மறுநாள் ஆபீஸ் இருக்கிறதே! மழைக்காலப் பிரயாணத்துக்கு முதல் தேவை குடையல்ல. கையில் மிச்சமாக இரண்டு நாள். இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். முடியாதென்றால் வீட்டில் இருங்கள். காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் மேலே சேருங்கள். இருட்டில் மலைப்பாதை வேண்டாம். வத்தலக்குண்டுப் பாதை அடைபட்டால் பழனிப் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். வழுக்காத செருப்பு, மாற்றுத் துணி, சோலைப் பக்கம் போனால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. இவ்வளவுதான் சாமான்.

இப்படிப் போகிறவனுக்கு மலை தன்னைக் காட்டும். வெள்ளி அருவி பெயருக்கேற்ப வெள்ளியாய் விழும். மேகம் விலகும் அரைமணி நேரத்தில் தெரிகிற பள்ளத்தாக்கு, மே மாதத்தில் நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காது. மேகம் விலகவே இல்லையென்றால்? ஜன்னலருகே உட்கார்ந்து மழையைப் பாருங்கள். பணம் கொடுத்துவிட்டோம், காட்சி வந்தாக வேண்டும் என்பது சினிமாக் கொட்டகை நியாயம், மலைக்குச் செல்லாது.

ஆகவே, திண்டுக்கல் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஐப்பசியில் கேள்வியை மாற்றுங்கள். "மழை நன்றாகப் பெய்கிறதா? பாதை பத்திரமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் பதில் வந்தால், பயணத்தை ஒத்திப்போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டிலிருங்கள். நீங்கள் பார்க்கப் போன மழை எப்படியும் ஆத்தூர் வழியாக உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.