மூன்று தலைமுறை விருந்தினர்

சென்ற மாதம் நம் சங்கத்தின் தேநீர்க் கூட்டத்தில் நண்பர் ஒருவர், "திருப்பூருக்கு வந்து குவியும் வடநாட்டுத் தொழிலாளரை ஒரு மாதத் தவணை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்" என்றார். பலர் தலையசைத்தனர். நானும் வாய் திறவாது இருந்தேன். இதே நண்பர்தாம் தம்மை 'மதராசி' என்று அழைத்த தில்லிக் கடைக்காரருடன் முந்தின வாரம் மல்லுக்கு நின்றவர்!

அன்று சொல்ல வராததை இன்று எழுதுகிறேன். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர் கானா நாட்டவர். குமாசி நகரத்துச் 'சோங்கோ'வில் பிறந்தவர். சோங்கோ என்பது ஹௌசா மொழிச் சொல். வணிகக் கூட்டம் வழியில் தங்கும் இடம் என்று பொருள். கோலாக் கொட்டை வாங்க வடக்கிலிருந்து வந்த வணிகர்கள் ஊர்த்தலைவனிடம் இடம் கேட்டு ஓரமாகத் தங்கினர். பின்னர்க் கோக்கோத் தோட்டங்களுக்கும் தங்கச் சுரங்கங்களுக்கும் உழைப்பாளிகள் வந்து சேர்ந்தனர். தென் கானாவின் நகரங்களில் இன்றும் சோங்கோக்கள் உண்டு. என் நண்பரின் பாட்டனாரே அங்குப் பிறந்தவர்தாம். ஆனாலும் ஊராருக்கு அவர்கள் வந்தவர்களே. அக்கான் மக்களின் மொழியில் அதற்கு 'ஒஹொஹொ' என்று பெயர். சிரிக்க வேண்டா. விருந்தினர், அயலார் என்னும் இரு பொருளும் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. நம் பழந்தமிழில் 'விருந்து' என்பதும் புதிதாய் வந்தவரைக் குறித்த சொல்தானே?

விருந்தினர் எப்போது அயலாராகிறார்? 1957இல் விடுதலை பெற்ற கானா, அடுத்த ஆண்டே ஆப்பிரிக்க மக்கள் அனைவரின் மாநாட்டையும் அக்ராவில் கூட்டிற்று. கண்டம் முழுவதும் ஒரே குடும்பம் என்று முழங்கினார் குவாமே இன்குரூமா. 1966இல் இராணுவம் அவரை வீழ்த்தியது. 1969இல் தேர்தலில் வென்று வந்த கோஃபி புசியாவின் அரசு, அவ்வாண்டு நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. குடியிருப்பு அனுமதி இல்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்துக்குள் அதனைப் பெற வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். அங்காடியில் கடை வைத்திருந்த நைஜீரிய யோருபாக்களும், தோட்டத்தில் உழைத்த அப்பர் வோல்ட்டா, டோகோ, நைஜர் நாட்டாரும் இலட்சக்கணக்கில் மூட்டை கட்டினர். கானாவிலேயே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அரசு ஆணையிட்டது என்பதைவிட, மக்களில் பலர் அதனை மகிழ்ந்து வரவேற்றனர் என்பதே என்னை உறுத்துகிறது. வேலையில்லாமைக்கும் கள்ளக் கடத்தலுக்கும் வந்தவனே காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். வந்தவன் போனான். கோக்கோத் தோட்டங்களில் ஆள் பஞ்சம் வந்தது. பொருளாதாரமோ பின்னும் சரிந்தது. அடுத்த பத்தாண்டில் கானாவின் ஆசிரியர்களும் கைத்தொழிலாளரும் பிழைப்புத் தேடி எங்கே போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? எண்ணெய்ப் பணம் புரண்ட அதே நைஜீரியாவுக்கு!

எண்ணெய் விலை இறங்கியதும் 1983 ஜனவரியில் நைஜீரியா தன் பங்குக்கு ஆணையிட்டது. இம்முறையும் தவணை இரண்டே வாரம். சுமார் பத்து இலட்சம் கானா மக்கள் பெனின், டோகோ வழியாக ஊர் திரும்பினர். ஊரிலோ கடும் வறட்சி, காட்டுத் தீ. அவர்கள் பொருள்களைத் திணித்துக் கொண்டுவந்த கட்டம் போட்ட பைக்கு 'கானா மஸ்ட் கோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கானாக்காரன் போகவேண்டும் என்று பொருள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருப்போர் காலடியில் அதே பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் அன்னை ஊரிலிருந்து புளியும் வற்றலும் கொண்டுவருவது அதில்தான்.

அங்கே வேற்று நாட்டார், இங்கே ஒரே நாட்டார். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சட்டத்தில் பெரிய வேற்றுமை உண்டு, ஒப்புகிறேன். ஆனால் வந்தவர்மேல் பழி சொல்லும் பேச்சில் வேற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. குமாசியில் 1969இல் பேசியதும் நம் தேநீர் மேசையில் பேசியதும் ஏறக்குறைய ஒன்றே. என் தந்தை வேலை தேடித் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு யார் எத்தனை வாரத் தவணை கொடுப்பார்கள் என்று அந்த நண்பரைக் கேட்க எண்ணியிருக்கிறேன்.

பொங்கல் விழாவுக்குச் சோங்கோ நண்பரை அழைக்கச் செயலாளர் இசைந்துவிட்டார். நம் நண்பரையும் அவரருகே உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன்.