விமானம் இல்லாத விமான கம்பெனி!

கல்யாண சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஓர் அண்டா கிடையாது. கரண்டி கிடையாது. பாத்திரம் வாடகைக் கடையிலிருந்து வரும். மாஸ்டர் தினக்கூலிக்கு வருவார். பரிமாறும் ஆட்களை வேறொரு ஏஜென்ட் அனுப்புவார். இவரிடம் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டும் ஒரு செல்போனும்தான். 'ஊரிலேயே குறைஞ்ச ரேட் சார், ஆனா முழுப் பணத்தையும் ஆறு மாசம் முன்னாடியே கொடுத்துடணும்' என்கிறார். கொடுப்பீர்களா? பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனும் கொடுக்க மாட்டார். 'கொஞ்சம் அட்வான்ஸ் வெச்சுக்கோ, பாக்கி பந்தி முடிஞ்சப்புறம்' என்பார்.

அதே ஆசாமி கோட்டு மாட்டிக்கொண்டு 'விமான கம்பெனி ஆரம்பிக்கிறேன்' என்றால், கேட்ட பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்!

இதற்கு 'விர்ச்சுவல் ஏர்லைன்' என்று ஒரு பெயர் உண்டு. விமானம் அடுத்தவருடையது. பைலட் அடுத்தவருடைய சம்பளப் பட்டியலில் இருப்பவர். ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர்கள் பாடு. இதை 'வெட் லீஸ்' என்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து, பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதைக் கட்டச் சொல்வது வழக்கம். பெட்ரோல் செலவு தனி, ஏர்போர்ட் கட்டணம் தனி. கம்பெனியிடம் மிச்சம் இருப்பது பெயர், லோகோ, டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர். இந்த லட்சணத்தில் 'அல்ட்ரா லோ காஸ்ட்' என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

2020-ல் 'சூரரைப் போற்று' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஏர் டெக்கான் கோபிநாத் 2003-ல் தொடங்கிய கதை அது. ஒரு ரூபாய் டிக்கெட்டெல்லாம் விற்றார். ஆனால், அவர் நிஜமான விமான கம்பெனி நடத்தினார். அனுமதி அவர் கம்பெனியின் பெயரில், பைலட்டும் இன்ஜினீயரும் அவரிடம் வேலை பார்த்தவர்கள். அப்படி இருந்தும் நஷ்டம் தாங்காமல் 2007-ல் விஜய் மல்லையாவிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

மலிவு விமானத்தின் சூட்சுமம் என்ன? விமானத்தை மலிவாக வாங்குவது. ரயன்ஏர் 2002-ல், உலகமே பறக்கப் பயந்த நேரத்தில், 100 போயிங் விமானங்களுக்கு உறுதியாக ஆர்டர் கொடுத்தது. இண்டிகோ தன் முதல் விமானம் பறப்பதற்கு முன்பே, 2005-ல், 100 ஏர்பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்கு, பேரம் பேசு, இறங்கிய அரை மணியில் மறுபடி கிளப்பு. லாபம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. விர்ச்சுவல்காரரோ அந்த இடத்தை அப்படியே வாடகைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். வாடகைக்காரர் தன் லாபத்தை வைக்காமல் விடுவாரா? அப்புறம் எங்கிருந்து வரும் அல்ட்ரா மலிவு?

உங்கள் பாக்கெட்டிலிருந்து வரும். அங்கே காலியானால், ஊர்ப் பணத்திலிருந்து வரும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் என்று ஓர் ஊர். 2012-ல் அங்கிருந்து ஏர்டிரான் கம்பெனி வெளியேறியது. ஏர்போர்ட் வெறிச்சோடிவிடுமோ என்று ஊர்ப் பெரியவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தின் மேல்தான் 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' வந்து இறங்கியது. 1981-ல் நெவார்க்கில் தொடங்கி, விமானத்துக்குள்ளேயே டிக்கெட் காசை வசூலித்து, காபிக்குத் தனிக் காசு வாங்கிப் புகழ்பெற்று, 1987-ல் கான்டினென்டலோடு கரைந்துபோன கம்பெனியின் பழைய பெயர் அது. பெயர்கூட இரவல்! விமானம் விஷன் ஏர்லைன்ஸ் என்ற வேறு கம்பெனியுடையது. 2014 ஜூன் 30-ல் பறக்க ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் ஒரு விமானத்தின் மேல் வண்டி மோதியது. இன்னொன்று பழுது. அந்த மாதக் கடைசியில் கடையைச் சாத்திவிட்டார்கள். மூன்று மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

கதை அதோடு முடியவில்லை. இந்தக் கம்பெனி வாங்கிய பேங்க் கடனுக்கு ஏர்போர்ட் கமிஷன் ஜாமீன் போட்டிருந்தது. ரகசியமாக! கம்பெனி படுத்ததும் சுமார் 45 லட்சம் டாலரைக் கமிஷன் கட்டியது. பெரும்பகுதி மாநில அரசின் பணம். இந்த விஷயமே 2017-ல் உள்ளூர் பத்திரிகை தோண்டி எடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஏர்போர்ட்டின் அதிகாரி வேலையை இழந்து, பின்னர் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆனது.

இன்னொன்று, டைரக்ட் ஏர். தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் 2007-ல் ஆரம்பித்தது. இதுவும் வாடகை விமானம்தான். இப்படி சார்ட்டர் விமானத்தில் டிக்கெட் விற்பவர்கள், பயணிகளின் பணத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். விமான வாடகையைத் தவிர வேறெதற்கும், பயணம் முடியும்வரை அதைத் தொடக்கூடாது. தொட்டார்கள். 2012 மார்ச்சில் திடீரென்று நின்றது. நடத்தியவர்கள் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கவனியுங்கள், அங்கே சட்டம் இருந்ததால்தான் அது மோசடி. சட்டம் இல்லாத இடத்தில் அதற்குப் பெயர் 'பிசினஸ் ரிஸ்க்'!

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. வேலையைச் செய்யும் முன் வாங்கிய காசு வருமானம் இல்லை, கடன். பேலன்ஸ் ஷீட்டில் லயபிலிட்டி பக்கம்தான் வர வேண்டும். அதாவது, தீபாவளிக்கு ஊருக்குப் போக ஜூலையிலேயே டிக்கெட் வாங்கும் நீங்கள், விமான கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். அடமானமும் கிடையாது.

நம்ம நாட்டில் விர்ச்சுவல் ஏர்லைன் இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால், விமானம் வைத்திருந்தவர்களே என்ன செய்தார்கள்? 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் அட்வான்ஸாகக் காசு கட்டியவர்கள், அடமானத்தோடு கடன் கொடுத்த பேங்க்குகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். விற்க இன்ஜினும் டயரும் வைத்திருந்த கம்பெனிகளிலேயே இந்த கதி. லோகோ மட்டும் வைத்திருப்பவரிடம் எதை ஜப்தி பண்ணுவது?

'ஓலா, ஊபர்கிட்ட சொந்தக் காரா இருக்கு?' என்று இந்தப் பார்ட்டிகள் ஒரு வாதம் வைப்பார்கள். ஒரு ஆட்டோ வராவிட்டால் அடுத்த தெருவிலிருந்து இன்னொன்று வரும். இரண்டு விமானத்தில் ஒன்றின் மேல் வண்டி மோதினால் பாதி கம்பெனி காலி. அதுபோக, ஆட்டோவுக்கு நாம் மூன்று மாதம் முன்னால் காசு கொடுப்பதில்லை.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ஃப்ளாட் வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் போடச் சொல்லி பில்டர்களைக் கட்டாயப்படுத்துகிறது. விமான டிக்கெட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஏன்? 'பணத்தைப் பூட்டி வெச்சா டிக்கெட் விலை ஏறும் சார்' என்பதுதான் பதிலாக வரும். ஏறட்டுமே! ஏறுகிற தொகை எவ்வளவோ, அவ்வளவுதான் இத்தனை நாளும் நாம் கொடுத்துவந்த கடனின் வட்டி.

அடுத்து யாராவது மலிவு விமானத்துக்கு லைசென்ஸ் கேட்டு டெல்லிக்குப் போனால், டிக்கெட் பணம் எந்த பேங்க்கில், யார் கையெழுத்தில் இருக்கும் என்று அமைச்சகம் முதலில் கேட்கட்டும். வாலில் என்ன கலர் பெயின்ட் என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.