பாண்டிச்சேரி போதும்… ஒரு வீக்எண்ட் பழவேற்காடு போய்ப் பாருங்க! ஏன் தெரியுமா?

நல்ல சாப்பாடு, விலை குறைவான ஒயின், ராத்திரி லைவ் மியூசிக். இந்த மூணும் வேணும்னா சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பதில் பாண்டிச்சேரி. அதற்காக ஈசிஆரில் 150 கி.மீ. வண்டி ஓட்ட யாரும் யோசிப்பதில்லை.

ஆனால், அதே சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கும் பழவேற்காடு பற்றிக் கேட்டால், "அங்க என்ன இருக்கு?" என்ற கேள்விதான் திரும்ப வரும். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் யாருக்கும் தெரியாமல் இருப்பது அழகு இல்லை, ஆபத்து. 'ஒண்ணும் இல்லாத இடம்' என்று நகரம் நினைக்கிற இடத்தில்தான் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால்தான் போய்ப் பாருங்கள் என்கிறேன்.

சாப்பாடு: இறால் எங்கிருந்து வருது?

காலையிலேயே போய்விடுங்கள். படகுகள் கரை சேரும் நேரத்தில் ஏலம் சூடாக இருக்கும். இறால், மடவை, கொடுவா, கிழங்கான், சேற்று நண்டு என்று கூடை கூடையாக இறங்கும். பெரிய நண்டுகள் உயிரோடு கட்டப்பட்டு ஏற்றுமதிக்குப் போய்விடும். மிச்சம் உள்ளூர்க் கடைகளில் குழம்பாகவும் வறுவலாகவும் கிடைக்கும். மெனு கார்டு தேடாதீர்கள். அன்றைக்கு வலையில் என்ன விழுந்ததோ அதுதான் மெனு.

அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கிறது. இறால், சேற்று நண்டு, மடவை இந்த மூன்றுமே முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத தண்ணீரில் வளரும். ஆரணியாறு போன்ற ஆறுகள் நன்னீர் தர, கடல் உப்பைத் தரும். ஏரியும் கடலும் சேரும் அந்த வாசலில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால், குஞ்சு உள்ளே வராது. படகும் வெளியே போகாது. முகத்துவாரம் அடைபடுவது பழவேற்காட்டு மீனவர்களின் பல வருடப் பிரச்சினை. அதைத் தூர்வாரி, நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கோரிக்கை.

இன்னொரு விஷயம், 'பாடு' முறை. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று மீனவ கிராமங்களே சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நல்ல இடத்தை ஒருவரே வளைத்துப் போட முடியாது. அதே நேரம், இந்த உரிமை எல்லா ஊருக்கும், எல்லாச் சாதிக்கும் கிடைப்பதில்லை என்ற சர்ச்சையும் உண்டு. ஆனாலும், ஒரு பொதுச் சொத்தைச் சட்டப் புத்தகம் இல்லாமலே பங்கிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் இங்கே தலைமுறைகளாக இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

ஒயின்? சாரி பாஸ்!

இந்த ஊரில் ஒயின் பார் தேடினால் ஏமாற்றம்தான். பனைமரம் இருக்கிறது, கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. சீசன் நேரத்தில் பதநீர் கிடைத்தால் குடியுங்கள். அதே பனையின் ஓலையில் இங்குள்ள பெண்கள் முடையும் கூடைகளும் பெட்டிகளும் அழகானவை. ஒரு பாட்டில் ஒயினுக்குச் செலவு செய்யும் பணத்தில் சில கூடைகளைப் பேரம் பேசாமல் வாங்கலாம்.

போதை வேண்டும் என்றால் வரலாறு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். கோட்டையில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். ஆனால், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. இங்கிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை, மனிதர்களும் அடிமைகளாக பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். துணியின் ஞாபகம் இன்னும் சொல்லில் இருக்கிறது. மலேசியாவில் கைலியை 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் 'பெலிகாட்' நம்ம பழவேற்காடுதான்.

மியூசிக்: மேடை இல்லை, பாட்டு இருக்கு

துடுப்புப் போடவும் வலை இழுக்கவும் எல்லார் கையும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். அதற்குத்தான் தமிழ்க் கடற்கரையில் 'அம்பா' பாட்டு பிறந்தது. படகில் இன்ஜின் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. ஒரு ஆட்டோவில் கானா ஓடலாம், பள்ளிவாசல் பாங்கு கேட்கலாம், மாதா கோயில் மணி அடிக்கலாம். டிக்கெட் போட்ட கச்சேரி எதுவும் கிடையாது.

ஆனால், போகும் வழியில் ஹெட்போனில் கேட்க ஒரு பாட்டு சொல்கிறேன். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளியான 'சென்னை பொறம்போக்கு பாடல்'. கர்னாடக மேடையில் கேட்டிராத சென்னைத் தமிழில், பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் எண்ணூர் கழிமுகத்தைப் பற்றியது. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான நிலம். நாம்தான் அதைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம். 'இது சும்மா கிடக்கிற நிலம்தானே' என்ற அந்த எண்ணத்தால் எண்ணூருக்கு என்ன ஆச்சு என்பதை அனல்மின் நிலையச் சாம்பல் காட்டும்.

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில்தான் காட்டுப்பள்ளி. அங்குள்ள துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கரை அரிப்பு கூடும், ஏரியின் வாழ்வு போகும் என்பது அவர்கள் அச்சம். வேலைவாய்ப்பும் வர்த்தகமும் பெருகும் என்பது ஆதரவாளர்கள் வாதம். 2021 ஜனவரியில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போனது. இப்படி ஒரு பெரிய விவகாரம், ஒன்றரை மணி நேரப் பயண தூரத்தில் நடக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படகுச் சவாரி மட்டும் வேண்டாம்

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. "வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். மீன்பிடிப் படகு சுற்றுலாவுக்குச் செய்ததில்லை. பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலத்தில் கரையோரமாகவே, பைனாகுலரோடு பார்க்கலாம். ராக்கெட் ஏவும் நாளில் போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் அன்று மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை. நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு ஒரு நாள் கூலி.

டூரிஸ்ட் வந்தா ஊர் கெட்டுப் போகாதா?

நியாயமான கேள்வி. ரிசார்ட்டும் பீச் கிளப்பும் வந்தால் கெட்டுத்தான் போகும். கரையோர நிலத்தின் விலை ஏறும், வலை காய வைக்கும் இடம் பார்க்கிங் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், பழவேற்காட்டை இன்னொரு பாண்டிச்சேரி ஆக்கச் சொல்லாதீர்கள். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துப் போங்கள். உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், சாயங்காலம் வீடு திரும்புங்கள்.

ஒரு நாள் போய் வந்தால் ஏரி காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆனால், 'பழவேற்காடு முகத்துவாரம் மீண்டும் அடைபட்டது' என்று அடுத்த முறை நாலு வரிச் செய்தி வரும்போது, நீங்கள் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போக மாட்டீர்கள். அங்கே சாப்பிட்ட இறால் எந்த வழியாக வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.