தையல் ஆசிரியையின் முதுமைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

காவிரிக் கடைமடையில் நான்கு ஊர்களுக்குச் சென்று நம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்து வரும் ஆசிரியை ஒருவரை நாம் அறிவோம். நாளுக்கு ஓர் ஊர். லுஹர் தொழுகைக்குப் பின் பெண்கள் மதரஸாவின் மாடியில் இரண்டு மணி நேரம் வகுப்பு. தோளில் தொங்கும் பையில் அளவு நாடா, கத்தரிக்கோல், சாக்குக்கட்டி, கழுத்தும் கையுமாக வெட்டி மடித்த பழைய செய்தித்தாள்கள். நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே வேறு பேருந்து முன்னால் வந்து நின்றாலும் ஏறாமல் காத்திருப்பார். பிள்ளைகள் அவரை ‘லாத்தா’ என்றே அழைப்பர். தொடக்க நாள்களில் அவரிடம் பயின்றவர்களின் மகள்களும் இன்று அவரிடமே பயில்கின்றனர்.

அவருக்கு வயது 57. இன்னும் இரண்டு ஆண்டுகளில் நிறுத்திக்கொள்ள எண்ணியிருப்பதாக அண்மையில் கூறினார். ஊசியில் நூல் கோக்க மாணவி ஒருத்தியை அழைக்க வேண்டியிருக்கிறதாம். மாடிப்படி ஏறினால் முழங்கால் நோகிறதாம். அதன்பின் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றார். ஈமான் நிறைந்த சொல்தான். ஆயினும் அதை அவர் சொல்வது வேறு, அவரிடம் வேலை வாங்கிய நாம் சொல்வது வேறு.

அவருக்குத் தருவதை நாம் ஊதியம் என்பதில்லை, ஹதியா என்கிறோம். கேட்க இனிமையான பெயர். ஆனால் அன்பளிப்புக்கு ஆண்டு உயர்வு இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, பணிக்கால முடிவில் கணக்கும் இல்லை. ரமளானில் வகுப்பு நடைபெறாது. ஆகவே அம்மாதம் ஹதியாவும் இல்லை. அவர் கற்றுத்தந்த பிள்ளைகளோ அதே ரமளானில்தான் பெருநாள் உடைகள் தைத்து, பலர் வாழ்வில் முதன்முறையாகச் சொந்தச் சம்பாத்தியத்தைக் கையில் எண்ணுகின்றனர். இந்த முரண் நம் கண்ணில் படாமல் போனதற்கு நாமும் பொறுப்பாளிகள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் பயின்றவர்களே.

“ரமளானில் ஜகாத் கொடுக்கிறோமே” என்பார் சிலர். ஜகாத்தும் கூலியும் ஒன்றல்ல. உழைப்புக்குக் கொடுக்க வேண்டியதை ஜகாத்தில் கழித்துக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. முப்பது ஆண்டுகள் கற்பித்தவரை முதுமையில் ஜகாத் வரிசையில் நிறுத்திவிட்டு, உதவினோம் என்று பெருமை கொள்வது நமக்கு அழகன்று.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வாசலில் நின்று யாசித்த பார்வையற்ற முதியவர் ஒருவரைக் கண்ட செய்தியை இமாம் அபூ யூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார். அம்முதியவர் யூதர். உமர் (ரலி) அவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின் பைத்துல் மால் பொறுப்பாளரை வரவழைத்து, இவரைப் போன்றவர்களைக் கவனிக்கும்படி ஆணையிட்டார்கள். இளமையில் ஒருவரிடம் பயன்பெற்றுவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். இரக்கத்தை அன்று, நீதியையே அவர்கள் பேசினார்கள். நம் தையல் மையங்களுக்கு வரும் ஆசிரியைகளுள் சகோதர சமுதாயப் பெண்களும் உள்ளனர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

கைத்தொழிலை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. முஃமின்களின் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்தவர்கள். நபி தாவூத் (அலை) கவசம் செய்தார்கள். பயான்களில் இவற்றைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். மாடியில் மிஷின் மிதிப்பவரின் மாதக் கணக்கு வரும்போது பேரம் பேசுகிறோம்.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. 60 வயது நிறைவதற்குள் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. நம் ஆசிரியை இதுவரை பதிவு செய்யவில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை. மடிக்கணினியும் கையுமாக இருக்கும் நம் இளைஞர்களுள் ஒருவர் ஒரு பிற்பகல் உடன் அமர்ந்தால் அந்த வேலை முடிந்துவிடும். அதை வைத்து ஜமாஅத் தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளவும் கூடாது. நான்கு ஊர் நிர்வாகங்களும் மாதந்தோறும் ஆளுக்கொரு தொகையை அவர் பெயரில் அஞ்சலகக் கணக்கில் இட்டு வந்தால், இரண்டு ஆண்டுகளில் கையில் ஏதேனும் நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டியது.

ஓய்வு பெற்றபின் வீட்டுத் திண்ணையில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, தெருப் பிள்ளைகளுக்குப் பித்தான் தைக்கவாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த மிஷின் இன்னும் அவரிடம் இல்லை. வகுப்பில் உள்ளவை எல்லாம் மதரஸாவுக்குச் சொந்தம். ஷவ்வாலில் புதிய ஆண்டுக்கான வரவு செலவை எழுத நிர்வாகிகள் அமர்வார்கள், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் இச்செய்தியை அவர்களிடம் சேர்த்துவிடுமாறு நான்கு ஊர்க் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.