பழைய போட்டோ சரிசெய்ய எவ்வளவு வாங்கலாம்? அளவை வச்சு விலை சொல்லாதீங்க!



அருப்புக்கோட்டையில ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒரு அண்ணன், ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தப்ப ஒரு விஷயம் சொன்னார். திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்துல ஒரு பாட்டி இறந்துட்டாங்க. பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேணும். வீடு முழுக்கத் தேடியும் கிடைச்சது வாக்காளர் அட்டை மட்டும்தான். மகன் அதைக் கொண்டு வந்து, "12க்கு 18 சைஸ்ல பெருசா போட்டுக் குடுங்கண்ணே" என்றிருக்கிறார். அண்ணன் வழக்கமான ரேட்டைச் சொன்னார். ஃபிரேமோட 800 ரூபாய்.

ஒரு ஏஐ ஆப்ல போட்டார். பத்தே நிமிஷத்துல பளிச்சுனு படம் ரெடி. வீட்டுக்குப் போன படத்தைப் பார்த்ததும் மூத்த மகள் கேட்ட முதல் கேள்வி: "இது யாரு?"

பாட்டிக்குத் தண்டட்டி போட்டு வளர்த்த காது. தோள் வரைக்கும் தொங்கும். அட்டையில அது மங்கலா ஏதோ நிழல் மாதிரி தெரிஞ்சிருக்கு. ஆப் அதை "சரி" பண்ணி, சின்னக் காதும் ஒரு கம்மலும் வச்சிருச்சு. கன்னச் சுருக்கத்தையும் துடைச்சிருச்சு. படம் அழகாத்தான் இருந்தது. ஆனா அது அவங்க அம்மா இல்ல.

அண்ணன் நல்ல மனுஷன். மகளைப் பக்கத்துல உட்கார வச்சு, கேட்டுக் கேட்டு, ஆறு மணி நேரம் கையால வேலை பார்த்தார். மறுபடி பிரிண்ட் போட்டார். கூட ஒரு பைசா வாங்கல. "நஷ்டம்தான் தம்பி, ஆனா மனசு கேக்கல" என்றார்.

எவ்வளவு நஷ்டம்னு அவருக்கே தெரியல. நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

அந்த 800 ரூபாய் எங்க போச்சு?

பிரிண்ட், ஃபிரேம் அடக்கம் 430. ரெண்டாவது பிரிண்ட் 120. மிச்சம் 250 ரூபாய். அதை ஆறு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு ஏறக்குறைய 42 ரூபாய்.

2025-26-க்கு தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா அதுவும் 42 தான். ஒரு வித்தியாசம் என்னன்னா, அங்க வேலைக்குப் போறவங்க கம்ப்யூட்டர் வாங்கல, கடை வாடகை கட்டல, கரண்ட் பில்லும் கட்டல. அதையெல்லாம் கழிச்சா அண்ணன் கைக்காசு போட்டுத்தான் வேலை பார்த்திருக்கார்.

இதுக்குக் காரணம் அவரோட இரக்கம் இல்லைங்க. விலை சொல்ற முறைதான் காரணம். நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல பெரும்பாலும் பிரிண்ட் சைஸை வச்சுத்தான் ரேட் கார்டு இருக்கும். 6க்கு 8 இவ்வளவு, 12க்கு 18 இவ்வளவு. புதுசா எடுத்த போட்டோவுக்கு அது சரி. பழைய படத்துக்கு உங்க செலவைத் தீர்மானிக்கிறது வெளிய போற பேப்பரோட அளவு இல்ல, உள்ள வர்ற படத்தோட நிலைமை.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. அட்டையில இருக்கிற படம் 2க்கு 2.5 செ.மீ.னு வச்சுக்கோங்க. 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணினா சுமார் 470க்கு 590 புள்ளிகள். 12க்கு 18 இன்ச்ல 300 டிபிஐ தரத்துல பிரிண்ட் போட 3,600க்கு 5,400 புள்ளிகள் வேணும். அதாவது, தேவைப்படுறதுல 70ல் ஒரு பங்குதான் கையில இருக்கு. மீதியை யாரோ கற்பனை பண்ணித்தான் ஆகணும். ஏஐ தனக்குத் தெரிஞ்ச ஆயிரக்கணக்கான முகங்களை வச்சு கற்பனை பண்ணும். அந்த முகங்கள்ல தண்டட்டி போட்ட திருச்சுழிப் பாட்டி எத்தனை பேர் இருக்கப் போறாங்க?

திருச்சுழின்னதும் நமக்கு ஞாபகம் வர்றவர், 1879 டிசம்பர் 30-ல அங்க பிறந்த ரமணர். நிறைய வீடுகள்ல இருக்கிற அவரோட முகப்படம், பெங்களூர் போட்டோகிராபர் வெல்லிங் 1946-ல எடுத்தது. அந்தப் படத்தை ஒரு ஆப்ல போட்டுக் கண்ணைக் கொஞ்சம் மாத்திக் குடுத்தா ஏத்துக்குவோமா? பாட்டிக்கும் அதே நியாயம்தான். மகரிஷிக்கு இன்னும் நிறையப் படங்கள் இருக்கு, பாட்டிக்கு இது ஒண்ணுதான்.

முதல்ல உங்க ஒரு மணி நேரத்தோட விலையைக் கண்டுபிடிங்க

உதாரணக் கணக்குதான். உங்க நம்பரைப் போட்டுக்கோங்க.

- நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டிய மாசச் சம்பளம்: 25,000
- கடை வாடகை: 4,000
- கரண்ட், இன்டர்நெட்: 2,000
- சாஃப்ட்வேர்: 2,000
- 90,000 ரூபாய் கம்ப்யூட்டர், ஸ்கேனரை மூணு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம்: 2,500
- இதர செலவு: 1,500

மொத்தம் 37,000. மாசம் 200 மணி நேரம் கடையில இருந்தாலும், கல்லா, பாஸ்போர்ட் போட்டோ கூட்டம், கரண்ட் கட்டு எல்லாம் போக காசு கொடுக்கிற வேலை 100 மணி நேரம்னு வச்சுக்கோங்க. அப்ப ஒரு மணி நேரம் 370 ரூபாய்.

இப்ப ரேட் கார்டை மாத்துங்க. லேசான கீறல், கறை, அரை மணி நேரம்: 185. நடுத்தர சேதம், ரெண்டு மணி நேரம்: 740. முகமே சிதைஞ்சது, அஞ்சு மணி நேரம்: 1,850. பிரிண்ட், ஃபிரேம் தனி.

வரி பத்தியும் சொல்லிடறேன். உங்க மொத்த வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலைன்னா, பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல. பதிவு இல்லாம பில்லுல ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது. பதிவு பண்ணினவங்களுக்கு, போட்டோ சீரமைப்புக்குன்னே 998385னு தனிக் கோடு இருக்கு. வரி 18 சதவீதம். வருமான வரியில உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தா, யுபிஐ, பேங்க் வழி வரவுல குறைந்தது 6 சதவீதம், கேஷ் வரவுல 8 சதவீதம் லாபம் காட்டணும். உண்மை லாபம் அதிகம்னா அதைத்தான் காட்டணும். அந்த 6, 8 வரிக்கான கணக்கு மட்டுமே. உங்க விலையை அதை வச்சுப் போடாதீங்க.

"இங்க யாரு சார் அவ்வளவு தருவாங்க?"

இது நியாயமான கேள்வி. மானாவாரி பூமி. மழை ஏமாத்தினா மில் வேலை, தறி, இல்ல வெளியூர். சென்னை ரேட்டை இங்க ஒட்ட முடியாது. நானும் அதைச் சொல்லல.

அந்த அண்ணன் முதல்லயே மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, மூணு மணி நேரத்துல வேலை முடிஞ்சிருக்கும். 1,110 கூலி, 430 பிரிண்ட், ஃபிரேம். மொத்தம் 1,540. பாட்டிக்குப் பிள்ளைங்க நாலு பேர். தலைக்கு 385. அம்மா முகத்துக்கு அதைத் தராத பிள்ளைகளை நான் இன்னும் பார்க்கல. அவங்ககிட்ட யாரும் அப்படிக் கணக்கு சொன்னதில்ல, அவ்வளவுதான்.

நிஜமாவே முடியாதவங்களுக்கு சைஸைக் குறைங்க. "இந்த அட்டையில இருந்து 6க்கு 8 வரைக்கும்தான் முகம் நிக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்க. செலவும் குறையும், முகமும் தப்பிக்கும். மாசம் ரெண்டு படம் இலவசமா செய்யணும்னு தோணினா தாராளமா செய்ங்க. ஆனா நோட்டுல எழுதுங்க. தெரிஞ்சு செஞ்சா தர்மம், தெரியாம செஞ்சா நஷ்டம்.

இன்னொரு நாலு பழக்கம் வச்சுக்கோங்க:

1. ஒரிஜினலை ஸ்கேன் பண்ணி அன்னைக்கே திருப்பிக் குடுங்க. ஸ்கேன் ஃபைலும் ஒரு பொருள்தான், அதுக்குத் தனியா விலை போடுங்க.
2. பாதி அட்வான்ஸ் வாங்குங்க.
3. பிரிண்டுக்கு முன்னாடி, அவங்களை நேர்ல பார்த்த ரெண்டு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி சம்மதம் வாங்குங்க. ஒரு திருத்தம் இலவசம், அதுக்கு மேல மணிக்கணக்கு.
4. ஏஐ பயன்படுத்தினா சொல்லிடுங்க. கீறல், கறை, பின்னணிக்கு அது நேரத்தை நல்லாவே மிச்சம் பண்ணும், அந்த லாபத்தை எடுத்துக்கோங்க. முகத்துக்கு மட்டும் நீங்க உட்காரணும்.

ஏஐ வந்துட்டா இந்தத் தொழில் போயிடும்னு பயப்படுறவங்களுக்கு என் கருத்து இதுதான். படத்தைப் பளிச்சுனு ஆக்குற வேலைக்கு இனிமே விலை கிடையாது. கஸ்டமர் போன்லயே அதைச் செஞ்சுக்குவார். "இது எங்க அம்மாதான்"னு மகள் சொல்ற வரைக்கும் பொறுப்பெடுக்கிற வேலைக்குத்தான் விலை. அதைக் கூச்சப்படாம கேளுங்க.

கடைசியா, ஸ்டுடியோ வைக்காத நம்ம வாசகர்களுக்கு. வீட்ல தாத்தா பாட்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை வெளிச்சம் நல்லா இருக்கிற திண்ணையில உட்கார வச்சு ஒரு போட்டோ எடுத்துடுங்க. காது, சுருக்கம், மச்சம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த 1,540 ரூபாயை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்க கடைக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு வருதுன்னு இன்னைக்கே போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்.